ஒரே பிள்ளை கராத்தே, சிலம்பம், வலுதூக்கல் மூன்றிலும் நின்றுகொண்டு சிறுவர்களுக்கும் பழக்கலாமா?

வாசிகசாலைக்காரன்:

வணக்கம். வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். எங்கள் மண்டபத்தில் மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பழக்கும் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிக் குழுவுக்குள் எழுந்த கருத்து வேறுபாட்டை அவருடைய சம்மதத்துடன் இங்கே வைக்கிறேன். பெயரையும் ஊரையும் அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறேன்.

அவருக்கு வயது 22. சிறு வயதிலிருந்து கராத்தே பழகிக் கறுப்புப் பட்டி பெற்றவர். தாத்தாவிடம் சிலம்பம் கற்றவர். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் வீட்டு விறாந்தையில் தொடங்கிய எடைப்பயிற்சி அவரை வலுதூக்கலுக்கு (பவர்லிஃப்டிங்) கொண்டுவந்தது. இப்போது வலுதூக்கலில் 63 கிலோ பிரிவிலும் கராத்தே சண்டைப் போட்டியில் 61 கிலோவுக்கு உட்பட்ட பிரிவிலும் நிற்கிறார். பகலில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். கிழமையில் ஐந்து மாலைகள் எங்கள் மண்டபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பழக்குகிறார்; அவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்.

குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், "இந்த வயது திரும்ப வராது. பழக்குவதை இரண்டு வருடம் நிறுத்தி, மூன்றில் ஒன்றைப் பிடித்து நில்" என்று அவருக்கு நேரிலேயே சொல்லிவிட்டார். மற்றவர்களோ, அவர் நிறுத்தினால் மண்டபம் மறுபடியும் பூட்டிக் கிடக்கும் என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுவதால், விளையாட்டோடு நெருங்கியவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய பட்டிக்காரன்:

உங்கள் மூத்த உறுப்பினரின் பக்கம் நான் நிற்கிறேன். நான் எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் கராத்தே பழகியவன். இப்போது கனடாவில் இருக்கிறேன். கராத்தே வேகத்தைக் கேட்பது, வலுதூக்கல் பாரத்தைக் கேட்பது. உடம்பு ஒன்று, நாளுக்கு மணித்தியாலம் இருபத்து நான்கு. கராத்தேயும் இன்று முன்போல வாசல் திறந்து கிடக்கும் விளையாட்டல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு முறை சேர்த்துக்கொண்டு, 2024 பாரிஸில் நீக்கிவிட்டார்கள். ஆசிய விளையாட்டு விழாவில் 1994 ஹிரோஷிமாவிலிருந்து இருக்கிறது என்பதுதான் ஆறுதல். வலுதூக்கலோ ஒலிம்பிக்கில் இருந்ததே இல்லை. இந்த நிலையில் இரண்டிலும் அரைகுறையாக நிற்பதைவிட ஒன்றில் தேசிய அணிவரை போகலாம். அல்லது வலுதூக்கலை விட்டு, பெண்களுக்கு 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் உள்ள பளுதூக்கலுக்கு மாறலாம்.

பழக்குவதைப் பற்றி வேறாகச் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் மாஸ்டர் போட்டியிலிருந்து ஒதுங்கிய பின்னர்தான் முழுதாகப் பழக்க இறங்குவார். அதற்குக் காரணம் இருந்தது. தன் உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பவருக்கு மற்றவரின் உடம்பைப் பார்க்கும் கண் வர நாளாகும்.

தென்மராட்சி வலு:

ஐயா, ஒன்றைப் பிடித்து நிற்கச் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வலுதூக்கலைச் சற்று அருகில் பார்த்தால் உங்கள் கணக்கு மாறக்கூடும்.

வலுதூக்கலில் ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மார்பிலிருந்து மேலே தள்ளுவது), டெட் லிஃப்ட் (நிலத்திலிருந்து எடுத்து நிமிர்வது) ஆகிய மூன்று தூக்குகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சிகள். மூன்றிலும் சிறந்தவற்றின் கூட்டுத்தொகையே முடிவைத் தீர்மானிக்கிறது. மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குக் காட்ட வேண்டும். ஸ்குவாட்டில் இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடத் தாழ்ந்தால்தான் அது தூக்காகும். எத்தனை கிலோ எழுப்பினாலும் ஆழம் போகாவிட்டால் சிவப்பு விளக்குத்தான். நடுவரின் கட்டளைக்கு முன்னர் பாரத்தைத் தாங்கியில் வைத்தாலும் சிவப்பு. ஒரு கராத்தேக்காரருக்கு இது புதிதாகவே இருக்காது. கட்டாவில், அதாவது தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசையில், பெற்ற ஒழுங்கு இங்கே அப்படியே கைகொடுக்கிறது. எங்கள் பக்கத்தில் கராத்தேயிலிருந்து வந்தவர்கள் இடுப்பைக் கட்டுப்படுத்தும் விதத்தை மற்றவர்கள் கற்கப் பல மாதங்கள் எடுக்கிறார்கள்.

பளுதூக்கலுக்கு மாறும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. அதன் இரண்டு தூக்குகளான ஸ்னாச்சும் கிளீன் அன்ட் ஜேர்க்கும் பாரத்தைத் தலைக்கு மேல் எழுப்பும் மிகச் சிக்கலான அசைவுகள். அவற்றை இளம் வயதிலேயே பழகத் தொடங்க வேண்டும், அன்றாடம் பக்கத்தில் ஒரு பயிற்றுநர் இருக்க வேண்டும், பாரத்தைத் தலைக்கு மேலிருந்து போடக்கூடிய மேடையும் வேண்டும். 22 வயதில், கடை வேலையோடு, மேடை இல்லாத மண்டபத்தில் அதைத் தொடங்கச் சொல்வது அவருடைய மிச்சமுள்ள நல்ல வருடங்களையும் வீணாக்கும். வலுதூக்கலில் கனிஷ்ட பிரிவு 19 வயதிலிருந்து 23 வயதுவரை. ஆகவே அவருக்கு அந்தப் பிரிவில் இந்த வருடமும் அடுத்த வருடமும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், போட்டி நாட்காட்டியை அதைச் சுற்றித்தான் போட வேண்டும்.

இயன்மருத்துவர் ஒருவர்:

உடம்பு ஒன்று என்ற வாதத்துக்கு ஆராய்ச்சி வழியாகவே பதில் உண்டு. 1980இல் ரொபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர், பத்து வாரங்கள் வலுப்பயிற்சியையும் கடுமையான தாங்குதிறன் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் வலு ஏறத்தாழ ஏழாவது வாரம்வரை ஏறிப் பின்னர் நின்று, கடைசி வாரங்களில் இறங்கியதைக் காட்டினார். அதிலிருந்துதான் "இரண்டையும் சேர்த்தால் இரண்டும் கெடும்" என்ற பேச்சு பரவியது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டது நீண்ட நேர ஓட்டமும் சைக்கிள் ஓட்டமும்; அதுவும் கிட்டத்தட்ட அன்றாடம். கராத்தே சண்டை அத்தகையது அல்ல. சில விநாடி வெடிப்பு, சிறிது ஓய்வு, மறுபடியும் வெடிப்பு என்றுதான் அது போகும். வலுவான தொடையும் இடுப்பும் அந்த வெடிப்புக்கு உதவுகின்றன. ஆகவே இந்த இரண்டு விளையாட்டுகளும் இயல்பிலேயே பகையாளிகள் அல்ல; பகையாவது நாட்காட்டியில்தான். கனமான டெட் லிஃப்ட் செய்த மறுநாள் கடுமையான சண்டைப் பயிற்சியை வைத்தால் முதுகு தாங்காது.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த 61, 63 என்ற இரண்டு எண்கள். இரண்டு கிலோ வித்தியாசம் சிறியதாகத் தெரியும். ஒரு போட்டிக்கு ஏற்றி, மற்றொன்றுக்கு இறக்கி, வருடத்தில் பல முறை இப்படிச் செய்யும் பிள்ளை, கடைசி நாளில் தண்ணீரைக் குறைத்தும் வெயிலில் ஓடியும் நிறையைக் கழிக்கத் தொடங்கிவிடுகிறது. 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் நிறை குறைக்கும் முயற்சியில் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அங்கே வெப்பத்துக்கு இறப்பர் உடையும் சூடாக்கிய அறையும் தேவைப்பட்டன. சித்திரை மாத யாழ்ப்பாணத்தில் அவை எதுவும் தேவையில்லை. வலுதூக்கலில் நிறை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர்தான் தொடங்குகிறது. இழந்த நீரை அதற்குள் முழுதாக மீட்க முடியாது. தூக்கும் விழும், உடம்பும் விழும். ஆண்டு முழுவதும் 61க்குச் சற்றுக் கீழே நின்று இரண்டு போட்டிகளிலும் அதே நிறையில் இறங்குவதே பாதுகாப்பான வழி. வலுதூக்கலில் சில கிலோக்கள் குறையலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

ஒரு தாய்:

இங்கே எல்லோரும் அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் அவரிடம் பழகுகிறாள். ஆகவே பழக்கும் கண் வரவில்லை என்று சொன்ன ஐயாவுக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சிறியவர்களுக்கு அவர் இரும்பைத் தருவதில்லை. தும்புத்தடியின் தும்பைக் கழற்றிவிட்டு, வெறும் தடியைத் தோளில் வைக்கச் செய்கிறார். பின்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருக்கும். இரண்டு குதிக்கால்களின் கீழும் பழைய பத்திரிகைத் தாளில் ஒவ்வொரு துண்டு வைப்பார். பிள்ளை முக்காலியைத் தொடும்வரை பதிந்து எழும்பும்போது, அவர் குந்தியிருந்து அந்தத் தாளை மெல்ல இழுப்பார். தாள் வந்துவிட்டால் குதிக்கால் நிலத்தை விட்டுவிட்டது என்று பொருள். அந்தத் தடவை கணக்கில் சேராது. என் மகள் வீட்டில் சமையலறையிலும் தாளை வைத்துக்கொண்டு தம்பியை இழுக்கச் சொல்கிறாள். பிள்ளைகளே மூன்று பேராக நின்று வெள்ளை, சிவப்பு அட்டை காட்டி நடுவர் வேலையும் பார்க்கிறார்கள். தன் சிநேகிதிக்குச் சிவப்பு அட்டை காட்ட ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர் தன்னுடைய டெட் லிஃப்டைப் பிள்ளைகள் முன்னால் செய்தார். முழங்காலுக்கு மேல் வரவில்லை. பாரத்தைக் கீழே வைத்துவிட்டு, கொப்பியை எடுத்துச் சிவப்புப் பேனையால் ஏதோ எழுதினார். பிறகு சிறியவர்களின் காலடி வரிசையைப் பார்க்கப் போய்விட்டார். முகம் சுருங்கவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்தால் வீடே இழவு வீடாகும் இந்த ஊரில், தவறிய தூக்கைக் கொப்பியில் குறித்துவிட்டு வேலையைப் பார்க்கும் ஒருவரை என் மகள் பார்ப்பது எனக்கு மிகவும் முக்கியம். போட்டியை விட்டு ஒதுங்கிய மாஸ்டரிடம் அதைப் பார்க்க முடியாது, ஐயா.

அதற்காக எல்லாம் சரியென்று நான் சொல்ல வரவில்லை. மாலை ஆறரைக்குப் பிறகு மண்டபத்தில் பெரியவர் என்று அவர் ஒருவர்தான் இருக்கிறார். அது அவருக்கும் பாதுகாப்பில்லை, பிள்ளைகளுக்கும் பாதுகாப்பில்லை. எப்போதும் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி முகநூலிலோ டிக்டொக்கிலோ போடக் கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற எண்ணைச் சுவரில் எழுத வேண்டும். இவற்றைச் செய்ய வேண்டியது நிர்வாகக் குழு.

உயர்தர ஆசிரியர்:

ஒரு கருத்தை மட்டும் மறுக்க விரும்புகிறேன். அவர் நிறுத்தினால் மண்டபம் பூட்டிக் கிடக்கும், அதாவது பிள்ளைகள் சந்தியில் நிற்பார்கள், மாவா, ஐஸ் போன்ற போதைப்பொருட்களுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் அந்த வசனத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தப் பயத்தில் பொய் இல்லை. பாடசாலையைச் சுற்றி என்ன விற்கப்படுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஊரின் போதைப் பிரச்சினையை ஒரு 22 வயதுப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். பொலிஸ் செய்ய வேண்டியதும், பாடசாலை செய்ய வேண்டியதும், தகப்பன்மார் செய்ய வேண்டியதும் தனித்தனியாக இருக்கின்றன. மண்டபம் தருவது மேற்பார்வையுள்ள சில மாலை நேரங்களும், தன்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவரின் பழக்கமும். அது பெரிய விடயம்தான். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால், ஒரு பையன் வழிதவறும் நாளில் "நீ என்ன பழக்கினாய்" என்று அந்தப் பிள்ளையைத்தான் கேட்பீர்கள்.

இன்னொன்று. 2022 ஜனவரியில் லாகூரில் நடந்த சவேட் (பிரெஞ்சு உதைகுத்துச்சண்டை) போட்டியில் முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி தங்கம் வென்றபோது வாழ்த்துச் செய்தி போடாதவர் எங்களில் குறைவு. வென்று வந்தவருக்குப் பொன்னாடை போர்த்துவதில் நாங்கள் ஒருபோதும் குறை வைப்பதில்லை. போவதற்கு முன்னர் பஸ் காசு யார் தந்தது என்று கேட்கும் வழக்கத்தைத்தான் இன்னும் பழகவில்லை. கட்டணமின்றிப் பழக்குகிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது குடும்பத்தில் எத்தனை குடும்பம் ரியூசனுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

வல்வெட்டித்துறை வாசகன்:

ஒருவர் ஒன்றில்தான் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் ஊர் குமார் ஆனந்தனை நினைவூட்டுகிறேன். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், அங்கிருந்து நீந்தியே திரும்பியவர். நீச்சலோடு அவர் நிற்கவில்லை. ஓய்வின்றிச் சைக்கிள் ஓட்டுவது, ஒற்றைக் காலில் நிற்பது எனப் பல துறைகளில் உலக சாதனை செய்தார். தொழிலால் சட்டத்தரணி.

இயன்மருத்துவர் ஒருவர்:

ஆனந்தனை நானும் பெரிதாக மதிக்கிறேன். அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர்விட்டார் என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மனத்திடத்தால் உடம்பின் எல்லையைத் தள்ளலாம், அழிக்க முடியாது.

தாய் எழுதியதைப் படித்த பின்னர், எடை தூக்கினால் பிள்ளை வளராது என்று இங்கே யாராவது எழுதுமுன் ஒரு விளக்கம் தருகிறேன். சரியான மேற்பார்வையில், நுட்பத்துக்கு முதலிடம் கொடுத்துச் செய்யும் வலுப்பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. மதிலிலிருந்து குதித்து இறங்கும்போது பிள்ளையின் மூட்டில் விழும் சுமை அந்தத் தடியைவிடப் பல மடங்கு. ஆபத்து எங்கே என்றால், மேற்பார்வை இல்லாத ஜிம்மில், பதினைந்து வயதுப் பையன் சிநேகிதனோடு போட்டி போட்டு உச்ச எடையைத் தூக்கிப் பார்க்கும் இடத்தில்தான். அதே ஜிம்மில்தான் பெயர் தெரியாத தூளும் விற்கப்படுகிறது. ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் இலங்கையில் 2013இலேயே வந்துவிட்டது. தடைசெய்யப்பட்ட பொருள் உடம்பில் இருந்தால், தூள் டப்பாவில் அது குறிப்பிடப்படவில்லை என்ற விளக்கம் வீரரைக் காப்பாற்றாது.

புரதத்துக்காக அந்தத் தூளை நாடவும் தேவையில்லை. 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் நாளுக்கு 96 கிராம் போதும். முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கிறது. மூன்று முட்டையும் 200 கிராம் மீனும் பாதிக்கு மேல் கொடுத்துவிடும். மிச்சத்தைப் பருப்பு, அவித்த கடலை, பயறு, பால், சோறு ஆகியவை நிரப்பும். சூடை மீன் சந்தையில் மலிவாக வரும் நாட்களில் இதைவிட நல்ல தூள் எங்கும் இல்லை.

பழைய பட்டிக்காரன்:

அம்மா எழுதியதைப் படித்தேன். பத்திரிகைத் தாளை இழுத்துப் பார்ப்பவருக்குக் கண் இல்லை என்று நான் இனிச் சொல்லமாட்டேன். ஆனால் கிழமையில் ஐந்து மாலை என்பது மிகுதி என்ற என் கருத்து மாறவில்லை. பழக்கும் நேரத்தில் அவர் பழகுவதில்லை. நாள் முழுவதும் கடையில் இருந்து கணக்கெழுதிவிட்டு வந்து, இரண்டு மணித்தியாலம் நின்று கத்திய தொண்டையோடும் கால்களோடும் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் சொந்தப் பயிற்சியில் என்ன மிஞ்சும்?

மூன்று பட்டியும் ஒரு பெயரும்:

இந்த இழை என்னைப் பற்றியது என்பதால் ஒரு முறை எழுதிவிட்டு விலகுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பழைய பட்டிக்கார ஐயா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. எட்டு மணிக்குப் பிறகு மிஞ்சுவது மிகவும் குறைவு. ஆனால் தீர்வு பழக்குவதை நிறுத்துவதில் இல்லை, பயிற்சியைக் காலைக்கு மாற்றுவதில் இருக்கிறது. மண்டபத்தின் திறப்பு செயலாளர் வீட்டில் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு விருப்பமில்லை. ஒரு திறப்பு என்னிடம் இருந்தால் கடைக்குப் போகுமுன் என் வேலை முடிந்துவிடும்.

ஐந்து மாலைகளை மூன்றாகக் குறைக்க எனக்குச் சம்மதம். சிலம்பத்தில் நான் இனிப் போட்டிக்குப் போவதில்லை. ஆனால் சிறியவர்களுக்கு முதலில் அதைத்தான் பழக்குவேன். நெற்றி உயரத் தடி ஒன்று போதும், செலவில்லை, காலடி வரிசையில் பிழைவிட்டால் உடனே தெரியும், கூச்சமுள்ள பிள்ளைக்கும் யாரையும் அடிக்காமல் கற்க முடிகிறது. பதினாறு வயதைத் தாண்டிய பழைய மாணவிகள் இருவர் அந்த வகுப்பை என் மேற்பார்வையில் நடத்தத் தயாராக இருக்கிறார்கள்.

நிறை விடயத்தில் இயன்மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 61க்குக் கீழே நிற்பேன். தென்மராட்சி அண்ணா சொன்னபடி அடுத்த வருட இறுதிவரை வலுதூக்கலுக்கு முதலிடம். கராத்தேயில் அந்த நாட்காட்டிக்கு இடைஞ்சல் செய்யாத போட்டிகள் மட்டும். போட்டிக்கு முந்திய இரண்டு கிழமைகள் நான் பழக்கமாட்டேன், அப்போது பெற்றோர் வந்து மண்டபத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை வகுப்பை மட்டும் அந்த இரண்டு கிழமையிலும் விடமாட்டேன். குழு அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் விடமாட்டேன்.

ஆசிரியர் எழுதியதற்குத் தனியாக நன்றி. கட்டணம் வாங்க எனக்கு இன்னமும் மனம் வரவில்லை. ஆனால் கூச்சத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். பெண்பிள்ளைகள் சீமெந்து நிலத்தில் விழப் பழகுகிறார்கள். பாய் வேண்டும்.

வாசிகசாலைக்காரன்:

குழு கூடிப் பேசியது. திறப்பின் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டோம். அது இவ்வளவு நாளும் எங்கள் மனதில் தோன்றாமல் இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டோம். ஒவ்வொரு மாலையும் தாய்மாரில் ஒருவர் மண்டபத்தில் இருக்கும்படி முறை போட்டிருக்கிறோம். தகப்பன்மாரின் பெயர்கள் அந்தப் பட்டியலில் மிகக் குறைவு என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். படம் எடுப்பது பற்றிய விதியும் 1929 என்ற எண்ணும் சுவருக்கு வந்துவிட்டன. மூத்த உறுப்பினர் மூன்று மாலைக்கு ஒத்துக்கொண்டார், சனிக்கிழமைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாக்குவாதம் அடுத்த கூட்டத்திலும் தொடரும். பாய்க்கு ஒவ்வொரு வீட்டிலும் மாதாமாதம் ஒரு சிறு தொகை சேர்ப்பதென்று முடிவாகியுள்ளது. எத்தனை வாங்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

தென்மராட்சி வலு:

கராத்தே போட்டிக் களம் 8 மீற்றருக்கு 8 மீற்றர். அதைச் சுற்றி ஒரு மீற்றர் பாதுகாப்பு எல்லை. உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஒன்றோடொன்று கோக்கும் பாய்கள் ஒரு மீற்றர் சதுரமாக வருகின்றன. 6 மீற்றருக்கு 6 மீற்றர் என்றால் 36 பாய்கள். விழப் பழகுவதற்கு 4 சென்ரிமீற்றர் தடிப்பைக் கேளுங்கள், 2 சென்ரிமீற்றர் பாய் சீமெந்தில் போதாது. பார் தூக்கும் மூலையில் அவற்றை விரிக்க வேண்டாம். மென்மையான பாயில் நின்று ஸ்குவாட் செய்தால் கணுக்கால் ஆடும். அந்த மூலைக்குப் பலகையும் அதன் மேல் கடினமான இறப்பர் விரிப்பும் போதும். பலகை எங்களிடம் மிச்சமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒன்றை அனுப்பினால் ஏற்றிவிடுகிறோம்.